பி.எஸ்.ஏ. கூடுதலா? மருந்துக்கு முன்னால் ஒரு நோட்டு!

போன மார்கழியில் ஒரு சாயங்காலம். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு டீ குடிக்கலாம் என்று எழுந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். கணவருக்கு அறுபத்து நாலு வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு இருபது வருஷப் பழக்கம். எப்போதும் சிரித்த முகமாக வருகிறவர், அன்று உட்கார்ந்த பிறகும் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இவுக மூணு நாளாத் தூங்கலை டாக்டர்" என்று அந்த அம்மாள்தான் ஆரம்பித்தார். "பெங்களூர்ல இருக்க பையன் போன்லயே முழு உடம்பு செக்கப்புக்குப் பணம் கட்டிட்டான். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாக. இப்ப இப்படி வந்திருக்கு..."

கவரைப் பிரித்தேன். சர்க்கரை சரி. கொழுப்பு சரி. நாலாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: பி.எஸ்.ஏ. 7.8. பக்கத்தில், இருக்க வேண்டிய அளவு 4-க்குள் என்று போட்டிருந்தது.

இப்படி ஒரு டெஸ்ட் எடுக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அது கேன்சர் டெஸ்டாச்சே சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"ஆபரேஷன், கத்தி எல்லாம் வேண்டாம் டாக்டர். நம்ம மருந்தே குடுங்க. ஒரு மண்டலம் சாப்பிட்டுட்டுத் திரும்ப டெஸ்ட் எடுத்துப் பாக்கேன்" என்றார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மருந்து கிடையாது. ஒரு வேலை தாரேன்" என்று டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினேன். முகம் வாடிப்போனது. மருந்து கேட்டு வந்தவரிடம் நோட்டைக் கொடுத்தால் வாடாதா பின்னே?

உங்கள் வீட்டிலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை ஒருவர் இருப்பார். அப்பாவோ, மாமனாரோ, கணவரோ... இப்படி ஒரு கவர் உங்கள் வீட்டுக்கும் வரலாம். வந்தால், யூராலஜி டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அவருக்கு என்ன எழுதச் சொன்னேனோ, அதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அந்த எண் என்ன சொல்கிறது?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இளம் வயதில் ஒரு பெரிய கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். சுமார் 20 கிராம். வயது ஏற ஏற அநேகமாக எல்லோருக்குமே வீங்கிப் பெரிதாகும். இது புற்றுநோய் இல்லை, வயோதிகத்தின் வீக்கம். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது, சிறுநீர் முக்கி முக்கிப் போவது எல்லாம் பெரும்பாலும் இந்த வீக்கத்தால்தான்.

இந்தச் சுரப்பி செய்கிற ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. விந்து கட்டியாகிவிடாமல் நீர்த்திருக்கச் செய்வது அதன் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்திருக்கிறது என்றுதான் லேபில் அளக்கிறார்கள். கவனியுங்கள், இது புராஸ்டேட்டின் புரதம். புற்றுநோயின் புரதம் அல்ல. சுரப்பி பெரிதாக இருந்தாலும் கசியும், புண்பட்டாலும் கசியும், கிருமி தொற்றினாலும் கசியும், புற்று இருந்தாலும் கசியும்.

4-லிருந்து 10-க்குள் உள்ளவர்களுக்குத் திசு எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் புற்று இருக்கிறது. மூன்று பேருக்கு இல்லை. 10-ஐத் தாண்டினால் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. 4-க்குக் கீழே இருந்தாலும் சிலருக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆகவே 4 என்பது ஊர் எல்லைக் கல் மாதிரி இந்தப் பக்கம் ஆரோக்கியம், அந்தப் பக்கம் நோய் என்று பிரிப்பதில்லை. அறுபதுகளில் இருப்பவருக்கு 4.5 வரை, எழுபதுகளில் 6.5 வரை பொறுத்துப் பார்க்கிற மருத்துவர்களும் உண்டு. 

இதைச் சொன்னதும் அண்ணாச்சி லேசாக நிமிர்ந்தார். "அப்ப நாலில மூணு பேர்ல நான் ஒருத்தனா இருக்கலாம்." இருக்கலாம். அந்த ஒருவராகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே டாக்டரிடம் போவது!

முதல் பக்கம்: ரத்தம் கொடுத்த வாரம்

நோட்டின் முதல் பக்கத்தில் ரத்தம் எடுத்த தேதியைப் போட்டு, அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் நடந்ததை எழுதச் சொன்னேன். அங்கேயே கேட்க ஆரம்பித்தேன்.

"நீர்க்கடுப்பு, காய்ச்சல் ஏதும்?"

"ஐப்பசி மழையில ஒரு காய்ச்சல். நீர் போகும்போது எரிச்சல் இருந்துச்சு. தெருமுனை டாக்டர் அஞ்சு நாள் மாத்திரை குடுத்தாரு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தமே அதில்தான்! சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று வந்தால் பி.எஸ்.ஏ. எகிறிவிடும். இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் தொற்று குணமாகி ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். நீர் அடைத்துக்கொண்டு டியூப் போட்டிருந்தாலும், புராஸ்டேட்டில் திசு எடுத்திருந்தாலும் இப்படித்தான். அண்ணாச்சி ரத்தம் கொடுத்தது காய்ச்சல் விட்டு மூன்றாவது வாரத்தில்.

"சைக்கிள்?"

"அது தினமும். குறுக்குத்துறைக்குச் சைக்கிள்ல போய்த்தான் ஆத்துல குளிக்கேன். முப்பது வருஷப் பழக்கம்."

சைக்கிள் சீட் அழுத்துகிற இடமும் இந்தச் சுரப்பி இருக்கிற இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு. டெஸ்ட்டுக்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிளும் கடுமையான உடற்பயிற்சியும் வேண்டாம் என்பது வழக்கமான அறிவுரை. 

அடுத்த கேள்வியை அந்த அம்மாளை வைத்துக்கொண்டு கேட்க எனக்கே சங்கடம். "அக்கா, கம்பவுண்டர்கிட்ட உங்க பிரஷர் சீட்டை வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டுக் கேட்டேன். தாம்பத்திய உறவு கொண்ட இரண்டு நாளைக்குள் ரத்தம் கொடுத்தாலும் எண் கூடும். அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். பதில் என்ன என்பது நமக்கு எதற்கு? நோட்டில் எழுதிக்கொண்டார். அறுபத்து நாலு வயதில் இதையெல்லாம் கேட்கிறாரே என்று எந்த டாக்டரையும் நினைக்காதீர்கள். கேட்கவில்லை என்றால் நீங்களாகவே சொல்லுங்கள்.

திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொன்னால் அதே லேபில் எடுப்பது நல்லது. லேபுக்கு லேப் கருவி மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் தேதிவாரியாக அடுக்குங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் 2 என்றிருந்து இப்போது 7 என்றால் அதற்கு அர்த்தம் வேறு. ஐந்து வருஷமாக 7-லேயே நிற்கிறது என்றால் அதற்கு அர்த்தம் வேறு.

ஒரு எச்சரிக்கை. எண் 20, 50 என்று வந்திருந்தால் "காய்ச்சலால இருக்கும்" என்று வீட்டில் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். நேரே போய்விடுங்கள். அதேபோல நீர் அடியோடு அடைத்துக்கொண்டாலோ, முதுகுவலியோடு கால் பலமிழந்து தடுமாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்போது நோட்டும் கிடையாது, கீட்டும் கிடையாது.

இரண்டாம் பக்கம்: என்னென்ன விழுங்குகிறீர்கள்?

இந்தப் பக்கம்தான் முக்கியம். ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், ஒரு தடவை நான் கோட்டை விட்டிருக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடை முதலாளி என்னிடம் வந்துகொண்டிருந்தார். ராத்திரி அடிக்கடி சிறுநீர் போகிறது என்று. நெருஞ்சில், சிறுபீளை சேர்ந்த குடிநீர் கொடுத்தேன். சுகமாக இருக்கிறது என்றார். வருஷா வருஷம் பி.எஸ்.ஏ. எடுத்துக் காட்டுவார். 3, அடுத்த வருஷம் 3.4, அதற்கடுத்து 3.8. எல்லாம் 4-க்குள். "நார்மல்தான் டாக்டர்" என்பார். நானும் தலையாட்டினேன்.

அவர் வேறு ஊரில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த காப்ஸ்யூலை மருந்துக் கடையில் வாங்கித் தானாகவே தொடர்ந்து சாப்பிட்டு வந்திருக்கிறார். அதில் டூட்டாஸ்டெரைட் என்ற மருந்து இருந்தது. வீங்கிய புராஸ்டேட்டைச் சுருக்குகிற மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. எண்ணை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அதாவது ரிப்போர்ட்டில் 3.8 என்றால் உண்மையில் அது 7-க்கும் மேலே. அதைவிட மோசம், அந்த மருந்தைச் சாப்பிடும்போது எண் இறங்க வேண்டும். அவருக்கு ஏறிக்கொண்டே போயிற்று. லேப் மிஷினுக்கு இது தெரியுமா? அவர் எனக்குச் சொல்லவில்லை. அந்த டாக்டரிடம் என் குடிநீரைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடுப்பு வலி என்று எலும்பை ஸ்கேன் செய்தபோது நோய் எலும்புக்குள் போயிருந்தது.

கேட்டிருந்தால் இரண்டு வருஷம் முன்பே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து என் சீட்டின் தலைப்பில் "வேறு என்ன மருந்து?" என்று அச்சடித்து வைத்திருக்கிறேன். பதில் எழுதாமல் நாடியைத் தொடுவதில்லை.

ஃபினாஸ்டெரைட் என்பதும் இதே வகை மருந்துதான். இது வழுக்கைக்காகவும் கொடுக்கப்படுகிறது. ஐம்பது வயதுக்காரர் முடி கொட்டுகிறது என்று தோல் டாக்டரிடம் வாங்கிச் சாப்பிட்டிருப்பார். "அது தலைமுடிக்குத்தானே" என்று யூராலஜி டாக்டரிடம் சொல்லவே மாட்டார். சொல்லுங்கள்! மாத்திரைப் பெயர் எழுதத் தெரியாவிட்டால் காலி அட்டையை அப்படியே நோட்டில் ஒட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போடுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோகிரல், வார்ஃபரின் எல்லாம் இதில் சேரும். திசு எடுக்கும்போது ரத்தம் வரும் என்பதால் இவற்றில் சிலவற்றைச் சில நாள் நிறுத்துவார்கள். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதய டாக்டரும் யூராலஜி டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது அது.

இனி எங்கள் மருந்துக்கு வருவோம். சித்த மருந்து சாப்பிடுவதை ஆங்கில மருத்துவரிடம் மறைப்பது நம் வீடுகளில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. "சொன்னா திட்டுவாரு" என்பார்கள். திட்டினால் திட்டட்டும். பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறீர்களா, எத்தனை நாளாக, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மருந்து ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போது இந்த விவரம் வேண்டும். எந்த வைத்தியர் கொடுத்த மருந்தாக இருந்தாலும் பெயர் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. பெயர் சொல்ல மறுக்கிறவரின் பொட்டலம் உங்களுக்கு வேண்டாம்.

அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். 1990-களில் பி.சி. ஸ்பெஸ் என்று எட்டு மூலிகை சேர்ந்த ஒரு காப்ஸ்யூல் அங்கே விற்றது. புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. சரசரவென்று இறங்கியது. மூலிகையின் மகிமை என்றார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால், உள்ளே பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் செயற்கை மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஒரு வலி மாத்திரை மருந்து எல்லாம் கலந்திருந்தன! 2002-ல் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மூலிகையைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதைப் படித்தபோது தலைகுனிவாக இருந்தது. எண் இறங்கினால் நோய் இறங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணாச்சிக்கு அன்று நான் மருந்து கொடுக்காததும் இதற்காகத்தான். நாற்பத்தெட்டு நாள் குடிநீர் குடித்து, காய்ச்சலால் ஏறிய எண் தானாக இறங்கியிருந்தால் பெயர் எனக்குத்தான் கிடைத்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாமலேயே போயிருக்கும்.

"நாடி பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. நாங்கள் படிக்கிற எண்வகைத் தேர்வில் சிறுநீருக்கே தனி இடம் இருக்கிறது. நீரின் நிறம், மணம், நுரை பார்ப்போம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்போம். உடம்பின் வாத, பித்த, கப நிலையைச் சொல்ல அது எனக்குத் துணை. ஆனால் சுரப்பிக்குள் பட்டாணி அளவில் ஒளிந்திருக்கும் கட்டியை அது காட்டாது. காட்டும் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

அப்பா எதில் போனார்?

அடுத்த பக்கம் குடும்பத்துக்கு. அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். நம் அப்பாக்கள் காலத்தில் யார் டெஸ்ட் எடுத்தார்கள்? "நீர் அடைச்சுப் போயிட்டாக", "இடுப்பெலும்பு வத்திப் போச்சு" என்றுதான் சொல்வார்கள். அத்தை, பெரியப்பா யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

பெண்கள் பக்கமும் விசாரிக்க வேண்டும். அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்ததா? மார்பகத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணுவில் பழுது இருந்தால் பெண்களுக்கு அந்த இடங்களிலும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டிலும் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. இதை நாமாகச் சொன்னால்தான் உண்டு. அண்ணாச்சியின் தங்கை நாற்பத்தைந்து வயதில் மார்பகப் புற்றில் இறந்தவர். பத்து வருஷமாகிவிட்டது. இந்த டெஸ்ட்டோடு சேர்த்து அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் மூன்று நாள் சிறுநீர்க் கணக்கு. எத்தனை மணிக்குப் போனீர்கள், ராத்திரி எத்தனை தடவை, எப்போது காபி, எப்போது தண்ணீர். டாக்டர்கள் ஏழு கேள்விகள் கேட்டு 35-க்கு மார்க் போடுவார்கள். 7 வரை லேசு, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் தொல்லை அதிகம். இந்தப் பரீட்சையில் மட்டும் மார்க் கூடினால் பெருமை இல்லை! ஆனால் மார்க் குறைவாக இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை, ஆகவே புற்று இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்ப நிலையில் அது ஒரு அறிகுறியும் காட்டுவதில்லை.

டாக்டர் அறையில்

கூட யார் போவது? மனைவி போகலாம், விவரமான மைத்துனர் போகலாம். ஒருவர் போதும். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வேன் வைத்துக்கொண்டு ஆறு பேர் போனால், டாக்டர் பேசுவதை யாருமே கேட்க மாட்டார்கள். போகிறவர் வேலை, எழுதிக்கொள்வது. பயந்திருப்பவர் காதில் பாதிதான் விழும். வெளியூர் மகனுக்கு வீட்டுக்கு வந்து படித்துக் காட்டலாம்.

டாக்டர் ஆசனவாய் வழியாகக் கையுறை போட்ட விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். நிறைய பேர் இதற்குக் கூச்சப்பட்டே போகாமல் இருக்கிறார்கள். ஒரு நிமிஷம் கூட ஆகாது. கூச்சம் இருக்கும், பெரிய வலி இருக்காது. மெத்தென்று இருக்கிறதா, கல் மாதிரி முண்டு தட்டுகிறதா என்பது அந்த விரலுக்குத் தெரியும். எண் குறைவாக இருந்தும் விரலில் தட்டுப்பட்டவர்கள் உண்டு. "அது வேண்டாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா? கட்டற்ற பி.எஸ்.ஏ. எத்தனை சதவீதம் என்று பார்ப்பது எனக்கு உதவுமா? (இது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் சந்தேகம் கூடும், 25-க்கு மேலே இருந்தால் குறையும்.) என் சுரப்பியின் அளவு என்ன, அந்த அளவுக்கு இந்த எண் பொருத்தம்தானா? திசு எடுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் எண் கூடினால் நேரே ஊசிதான். 2017, 2018-ல் வெளிவந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடம் இருந்தால் அங்கே குறிபார்த்துத் திசு எடுக்கும் முறை பரவியிருக்கிறது. ஸ்கேனுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. 1, 2 என்றால் பெரும்பாலும் நிம்மதி. 4, 5 என்றால் திசு எடுத்தே ஆக வேண்டும். 3 என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேஸ்மேக்கரோ உடம்புக்குள் உலோகமோ இருந்தால் எம்.ஆர்.ஐ. என்ற பேச்சு வந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

திசு எடுப்பது என்று முடிவானால் பயம் வேண்டாம். ஊசி குத்தினால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பி ஓடிப்போனவர்கள்தான் முற்றிய பிறகு திரும்பி வருகிறார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு இடத்தில் நூல் மாதிரி திசு எடுப்பார்கள். சில நாள் சிறுநீரில் ரத்தம் தெரியும். விந்துவில் வாரக்கணக்கில் கூடத் தெரியலாம். ஆனால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை இருக்கிறது, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டியதும் இந்தக் காய்ச்சலுக்குப் பயந்துதான்.

ஒருவேளை புற்று என்று வந்துவிட்டால்?

ரிப்போர்ட்டில் க்ளீசன் என்று ஒரு எண் இருக்கும். 1966-ல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் டொனால்ட் க்ளீசன் வகுத்த கணக்கு. "பத்துக்கு ஆறாமே டாக்டர்" என்று அழுதுகொண்டு வருகிறார்கள். இப்போதைய கணக்கில் ஆறுதான் ஆரம்பமே, இருப்பதிலேயே சாது. ஏழில்கூட இரண்டு வகை. 3+4 என்றால் ஒரு மாதிரி, 4+3 என்றால் அதைவிடக் கொஞ்சம் முரடு. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல் எது முதலில் இருக்கிறது என்று பாருங்கள்.

சாதுவான வகையாக இருந்தால் உடனே அறுக்காமல், கண்காணித்துக்கொண்டே வருவதும் ஒரு முறையான சிகிச்சை வழிதான். இங்கிலாந்தில் சுரப்பியை விட்டு வெளியே போகாத புற்றுள்ள 1643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று கொடுத்துப் பதினைந்து வருஷம் கவனித்தார்கள். முடிவு 2023-ல் வந்தது. மூன்று பிரிவிலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கண்காணிப்புப் பிரிவில் நோய் வெளியே பரவியது கொஞ்சம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுவை செய்தவர்களுக்குச் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் கூடுதலாக இருந்தன. ஆகவே யாராவது "நாளைக்கே அட்மிட் ஆகணும்" என்றால், சுரப்பிக்குள்ளேயே இருக்கிற சாதுவான நோய்க்குச் சில வாரம் யோசிக்க நேரம் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். திசுக் கட்டியையும் கண்ணாடித் துண்டுகளையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, இன்னொரு இடத்தில் காட்டிக் கருத்துக் கேட்கலாம். 1954-லிருந்து இயங்கிவரும் அடையாறு புற்றுநோய் நிலையம் மாதிரி இடங்கள் நமக்கு இருக்கின்றன. முரட்டு வகை என்று வந்துவிட்டால் கண்காணிப்பு, மண்டலம் என்ற பேச்செல்லாம் வேண்டாம்.

அப்படியானால் சித்த மருத்துவருக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. மலச்சிக்கலைப் பார்க்கலாம், தூக்கத்தைச் சரி செய்யலாம், சிகிச்சை முடிந்தவரைப் பசியெடுத்துச் சாப்பிட வைக்கலாம். அதுவும் சிகிச்சை செய்கிற டாக்டருக்குத் தெரிந்து. நீர் அடைத்துக்கொண்டவருக்கு மட்டும் நெருஞ்சிலும் நீர்முள்ளியும் காய்ச்சிக் கொடுத்துவிடாதீர்கள். நீரைப் பெருக்குகிற மூலிகைகள் அவை. வாய்க்காலில் அடைப்பை வைத்துக்கொண்டு மடையைத் திறந்துவிடுகிற மாதிரி ஆகிவிடும்.

அண்ணாச்சி ஆறு வாரம் கழிய விட்டு, இரண்டு நாள் ஆட்டோவில் ஆற்றுக்குப் போய், அதே லேபில் ரத்தம் கொடுத்தார். 5.9 வந்தது. குறைந்திருக்கிறது, ஆனால் சும்மா விடுகிற எண் இல்லை. தங்கை விஷயமும் இருக்கிறதே. யூராலஜி டாக்டர் நோட்டை இரண்டு நிமிஷம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாராம். விரலில் ஒன்றும் தட்டவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மதிப்பெண் 2. சுரப்பி 62 மில்லி அளவுக்கு வீங்கியிருந்தது. 5.9-ஐ 62-ஆல் வகுத்தால் 0.1-க்குள் வருகிறது, 0.15-க்குக் கீழே இருந்தால் பெரிய சுரப்பி, அதனால் பெரிய எண் என்று ஓரளவு ஆறுதல் அடையலாம். இப்போதைக்கு ஊசி வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே வருவோம் என்று சொல்லியிருக்கிறார். 

போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் எழுதிய கேள்விகளுக்குக் கீழே, வேறு கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது. "இவுக இனி சைக்கிள் விடலாமா?" அந்த அம்மாள் எழுதியது. பக்கத்திலேயே டாக்டரின் பதிலையும் எழுதியிருக்கிறார்: "விடலாம். டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் கூடாது."